இல்லாத நாற்பத்தேழாம் பக்கம்

என் பிரிவு உபசாரத்தன்று என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. போர்த்திய சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். மாடியில் நான் வேலை பார்த்த அறைக்கு அட்டெண்டராகவும் டைப்பிஸ்டாகவும் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் இதைப் படித்தால் போதும்.

நான் கிளியனூர்க்காரன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. குடியிருப்பது திண்டிவனத்தில். கல்லூரியின் பெயரை இங்கே எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரியும். வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்த என்னை அந்த மாடி அறைக்கு மாற்றியது மேடம்தான். மேடம் என்றால் அந்த அறையின் பொறுப்பில் இருந்த பெரிய டாக்டர். "ஏன் மேடம் என்னெ?" என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"பேசாத ஆளு ஒருத்தரு வேணும்னு கேட்டேங்க. வார்டுல எல்லாரும் ஒங்க பேரத்தான் சொன்னாங்க."

நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். பேசாமல் இருப்பவனும் தப்பு செய்வான் என்று அப்போது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அறையின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த நோய்க்கு எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர்கள் கூடி உட்கார்ந்து எழுதி வைக்கிறார்கள். சர்க்கரைக்கு ஒன்று, பாம்புக்கடிக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று. அதற்கு நெறிமுறை என்று பெயர். அது மருத்துவ இதழ்களில் அச்சாகிறது. எங்கோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருக்கும் டாக்டர் அதைப் படித்துவிட்டுத்தான் மருந்து எழுதுகிறார். அந்த நெறிமுறைகளில் எழுத வேண்டியதெல்லாம் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் நம் அறையின் வேலை.

முதல் வாரம் எனக்கு இது புரியவில்லை. ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"மேடம், இந்த மருந்து நல்லதா கெட்டதான்னு பாக்குறீங்களா?"

"ரெண்டும் இல்லீங்க ஏழுமலை. ஒங்க வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வருது. தேதி இருக்குது. பொண்ணு மாப்ள பேரு இருக்குது. மண்டபம் பேரு இல்ல. கல்யாணம் நல்ல கல்யாணமாவே இருக்கட்டும். நீங்க எங்க போயி எறங்குவீங்க?"

"கண்டாச்சிபுரமா திண்டிவனமான்னே தெரியாதே மேடம்."

"அதாங்க. அந்த மண்டபம் பேரு இருக்குதான்னுதான் நாம பாக்குறோம்."

அதற்கு ஒரு கேள்வித்தாள் உண்டு. யார் எழுதினார்கள், யார் பணம் கொடுத்தார்கள், எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறார்கள், நோயாளிகளைக் கேட்டார்களா, மறுபடி எப்போது திருத்துவார்கள் என்று முப்பதுக்கு மேல் கேள்விகள். எழுதியிருந்தால் டிக், எழுதாவிட்டால் பெருக்கல் குறி. டிக் போட்டால் பக்கத்தில் பக்க எண் எழுத வேண்டும். பக்க எண் இல்லாத டிக் செல்லாது. அதைப் பார்ப்பது என் வேலை. எண் இல்லாத டிக்கைப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் எண் எந்த மொழியிலும் எண்தானே.

மேடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தடவை சென்னையிலிருந்து மிகப் பெரிய டாக்டர் ஒருவர் வந்தார். தலை முழுக்க நரைத்தவர். நம் கல்லூரியின் பெரியவர்களே அவருக்குக் கதவு திறந்துவிட்டார்கள். அவரும் சேர்ந்து எழுதிய நெறிமுறை ஒன்று எங்களுக்கு வந்த தாள் கட்டுக்குள் இருந்தது. நோயாளிகளைக் கேட்டார்களா என்ற கேள்விக்கு நேராகப் பெருக்கல் குறி.

"கேட்டோம்மா" என்றார் அவர். "ரெண்டு நாள் உக்காந்து கேட்டோம். நானே கூட இருந்தேன்."

"கேட்டிருப்பீங்க சார். எந்தப் பக்கத்துலயும் எழுதலியே."

"நான் சொல்றனே."

"நீங்க எனக்குச் சொல்றீங்க சார். மரக்காணத்துல உக்காந்துக்கினு இதப் படிக்கிற டாக்டருக்கு யாரு சொல்லுவாங்க? எழுதலன்னா இல்ல சார். எங்களுக்கு அவ்ளோதான் தெரியும்."

நான் டீ நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாங்கவில்லை. எழுந்து போய்விட்டார். மேடத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். அவரோ அந்த டீயை எடுத்துத் தானே குடித்துவிட்டு அடுத்த தாளைப் பிரித்தார். கொஞ்ச நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. விட்டுப்போனதைச் சேர்த்து அச்சிடச் சொல்லி இதழுக்கு எழுதிவிட்டதாகப் பெரியவர் எழுதியிருந்தார். மேடம் அதை என்னிடம் படித்துக் காட்டி, "பெரிய மனுசன்னா இவருதாங்க" என்றார். இந்தப் பெரியவர் மறுபடி வருவார், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் தப்பு.

ஒவ்வொரு நெறிமுறையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பார்கள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. முதலில் முடித்தவரின் தாளை நான் பழுப்புக் கவரில் போட்டு, ஒட்டி, பீரோவில் பூட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இரண்டு கவரையும் மேடம் முன்னால் பிரிப்போம். எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லையோ அங்கெல்லாம் இருவரும் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும்.

அந்த வருடம் படித்த இருவரில் ஒருவர் சார். திண்டிவனத்துக்காரர், உதவிப் பேராசிரியர், வேகமானவர், வாய் ஓயாதவர். "இன்னா ஏழுமலை, ஜல்தி கவரக் கொண்டா, பஸ்ஸு பூடும்" என்று சொல்லிக்கொண்டேதான் தாளை நீட்டுவார். இன்னொருவர் மேல்படிப்புக்கு வந்திருந்த டாக்டரம்மா. மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம். அப்பா கடலுக்குப் போகிறவர். இந்த நெறிமுறை வேலைதான் டாக்டரம்மாவின் பட்டத்துக்கான ஆய்வு. அதைப் புத்தகமாகக் கட்டி, குறித்த நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பரீட்சை ஆறு மாதம் தள்ளிப்போய்விடும். "புக்கு குடுத்துட்டியாம்மா?" என்று அவர் அப்பா தினமும் போனில் கேட்பார். வலை இழுக்கிற சத்தம் பின்னால் கேட்கும்.

வெள்ளிக்கிழமைகளில் டாக்டரம்மாவைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

"இங்க ஏன் பெருக்கல் போட்டீங்க?" என்பார் மேடம். "தேடிப் பாத்தீங்களா? எந்தெந்தப் பக்கம் பாத்தீங்க?"

டாக்டரம்மா பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டுவார். சார் சும்மா இருக்க மாட்டார்.

"இன்னா டாக்டர், கடல்ல வல வுட்ட மாரி பெருக்கலாப் போட்டுத் தள்ளியிருக்கீங்க? ஒண்ணு ரெண்டு மீனயாவது வுடுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். டாக்டரம்மாவும் சிரிப்பார். ஆனால் அன்றைக்கு மதியம் அவர் சாப்பாட்டு டப்பா தொடாமல் திறந்தபடியே இருக்கும். "அண்ணா, நீங்க சாப்புடுங்க" என்று கருவாட்டுக் குழம்பை என் பக்கம் தள்ளிவிடுவார்.

நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குள்ளே ஒரு கணக்கு போட்டுக்கொண்டேன். இரண்டு தாளும் ஒத்துப்போனால் நல்லது, ஒத்துப்போகாவிட்டால் கெட்டது, கெட்டது எல்லாம் இந்தப் பெண் தலையில் விடிகிறது. இதுதான் என் கணக்கு. மேடம் அதே கேள்விகளைச் சாரிடமும் கேட்டார், சாருக்குத் தோல் கெட்டி என்பதால் அவர் வாடவில்லை. அது என் கண்ணில் படவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தபோது டாக்டரம்மா போட்டதே சரி என்று முடிந்த தடவைகளும் நிறைய. அந்தத் தடவைகளை நான் எண்ணவில்லை. அவர் முகம் வாடிய தடவைகளைத்தான் எண்ணினேன்.

ஒருநாள் அவரே கேட்டார். "அண்ணா, சாரு இதுல எப்பிடி..." என்று ஆரம்பித்தவர், "வேணாண்ணா, வுடுங்க" என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் நிறுத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. அடுத்த கட்டு வந்தபோது சாரின் கவரை ஒட்டாமல் டாக்டரம்மாவின் மேசை ஓரத்தில் வைத்தேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா, டீ வாங்கிக்கினு வர்றேன்" என்றேன். டீக்கடையில் வேண்டுமென்றே நின்றேன். திரும்பி வந்தபோது கவர் வைத்த இடத்திலேயே இருந்தது, கொஞ்சம் சாய்ந்து. நானும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டுக்குள் எட்டு நெறிமுறைகள். எட்டு தடவை டீ வாங்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை கவர் பிரித்தபோது ஏறக்குறைய எல்லாம் ஒத்துப்போனது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். சார் மேசையைத் தட்டினார்.

"பாத்தீங்களா மேடம், நம்ம டாக்டரு தேறிட்டாங்க! ஏழுமலை, போண்டா வாங்கியா, என் செலவு."

டாக்டரம்மா அன்று டப்பாவைக் காலி செய்தார். எனக்கு நல்ல காரியம் செய்த நிறைவு. பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை, டீ வாங்கப் போனேன், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கமாகக் கவர் பிரித்த மறுநாளே பக்க எண்களைப் பார்த்துவிடுவேன். அந்தத் தடவை மறுநாள் என் தங்கை பேத்திக்குத் திருவாமாத்தூர்க் கோயிலில் காது குத்தினார்கள். மூன்று நாள் லீவு. அந்தக் கட்டு பார்க்காமலே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது டிக்கும் பெருக்கலும் எத்தனை என்ற கூட்டல் எல்லாம் முடிந்து, டாக்டரம்மாவின் புத்தகம் டைப் ஆகிக்கொண்டிருந்தது. கொடுக்க வேண்டிய நாளுக்கு இன்னும் ஒன்பது நாள். அந்தக் கட்டைப் பார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. பாக்கி வைத்தால் தூக்கம் வராது என்று நானாகத்தான் எடுத்தேன்.

ஐந்தாவது நெறிமுறை. இதழில் முப்பத்தோராம் பக்கத்தில் தொடங்கி நாற்பத்திரண்டில் முடிகிறது. யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்விக்குச் சாரின் தாளில் டிக், பக்கம் நாற்பத்தேழு. இல்லாத பக்கம். சார் வேகத்தில் வேறு ஏதோ கட்டைப் பார்த்து எழுதியிருப்பார், இது அவருக்குப் புதிதல்ல. பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு டாக்டரம்மாவின் தாளை எடுத்தேன். அதே கேள்வி. டிக். பக்கம் நாற்பத்தேழு.

இரண்டு எண்ணையும் மறுபடி படித்தேன்.

தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். டிக்குக்குக் கீழே ரப்பரால் அழித்த தடம் தெரிந்தது. பெருக்கல் குறி. அந்தப் பெண் பன்னிரண்டு பக்கத்தையும் தேடிப் பார்த்து, பணம் கொடுத்தது யார் என்று எங்கும் எழுதவில்லை என்று கண்டுபிடித்துச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். பிறகு சாரின் தாளைப் பார்த்து, தன் கண்ணை நம்பாமல் அழித்திருக்கிறார். அப்படி அழிக்க வைத்தவன் நான்.

மாடிப்படித் திருப்பத்தில் டாக்டரம்மாவை நிறுத்தி இரண்டு தாளையும் காட்டினேன். பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, எல்லாத்தயும் பாக்கலண்ணா. சந்தேகம் வந்த எடத்துல மட்டுந்தான்..."

"தப்பு என்துதாம்மா. கவர ஒட்டாம வெச்சது நான்."

"தொறந்தது நாந்தானண்ணா." தாள்களைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "இப்ப சொன்னா எட்டயும் திருப்பிப் படிக்கணும். ஒம்போது நாள்ல ஆவாது. எங்கப்பாவுக்கு நான் இன்னான்னு சொல்லுவேன்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க வேலயும் பூடும்ணா. இது யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நம்பர மட்டும் திருத்திட்டா போதும்."

அவர் சொன்னது உண்மை. அந்த நாற்பத்தேழைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். என்னைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. சரி என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு முடிவு எடுத்தேன். அடுத்த நிறுத்தத்தில் அதை மாற்றினேன். திண்டிவனம் வந்தபோது கையில் ஒரு முடிவும் இல்லை.

முடிவு மறுநாள் காலையில் வந்தது. பீரோவைத் திறந்தால் மேல்தட்டில் சென்னைப் பெரியவரின் கடிதம். அவ்வளவு பெரிய மனிதர், தன் தாளில் விட்டுப்போனதை ஊரறியச் சேர்த்து அச்சிடச் சொன்னார். அவரிடம் காட்டிய பெருக்கல் குறி இருக்கிற அதே பீரோவில் இந்த நாற்பத்தேழையும் வைத்துப் பூட்ட என்னால் முடியவில்லை.

மேடத்தின் மேசைக்குப் போனேன். பேச்சு வரவில்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு நாற்பத்தேழையும் இரண்டு கை விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார். இதழை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கவரு?"

"ஒட்டல மேடம்."

"எத்தன?"

"எட்டும்."

"அவங்க கேட்டாங்களா?"

"இல்ல மேடம். நானாத்தான் வெச்சேன். பாவமா இருந்துச்சு."

அவர் இதழை மூடி வைத்தார். கீழே ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கடைசியில், "டாக்டரக் கூப்புடுங்க. சாரயும்" என்றார்.

திட்டு விழும் என்று எதிர்பார்த்து நின்றோம். மேடம் முதலில் சொன்னது இதுதான்.

"ஒத்துப்போகாத எடந்தான் இந்த வேலையில நமக்கு ஒசத்தி. ரெண்டு பேரும் ஒண்ணாவே சொல்றதுன்னா ஒருத்தரு போதுமே, நான் எதுக்கு ரெண்டு பேர வெச்சிருக்கேன்? இத நான் வாய் வுட்டு ஒரு நாளும் ஒங்களுக்குச் சொல்லல. வெள்ளிக்கிழமைய கோர்ட்டு மாரி நடத்திக்கினு இருந்தேன். அது என் தப்பு."

சார் இரண்டு தாளையும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகம் சிவந்துதான் இருந்தது. ஆனால் வாய் அவர் வாய்தானே.

"ஏன் டாக்டர், காப்பி அடிக்கிறதுதான் அடிச்சீங்க, நான் சரியாப் போட்டதப் பாத்து அடிக்கக் கூடாதா? தேடிப் புடிச்சு என் தப்பயே அடிச்சிருக்கீங்களே!"

டாக்டரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. சார் உடனே குரலை இறக்கினார். "நான் கிண்டல் பண்ணது ஜாஸ்திதான். மனசுல வெச்சிக்காதீங்க."

எட்டையும் புதிதாக ஒருவர் படிக்க வேண்டும், டாக்டரம்மா படிக்கக் கூடாது, ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்றார் மேடம். மருந்தியல் துறையில் ஒரு டீச்சரம்மாவைக் கெஞ்சிக் கூட்டி வந்தார். எட்டு நாள் இருந்தது. சாருக்கு ஒரு யோசனை.

"மேடம், படிச்சிடலாம், கூட்டல மாத்திடலாம். ஆனா நடந்தத புக்குல எழுத வேணாம். பரீட்சைக்கு வர்றவரு அதப் புடிச்சிக்கினார்னா டாக்டரு கதி பேஜாராப் பூடும்."

சார் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. அந்த நேரத்தில் எனக்கும் அதுவே சரி என்று பட்டது. மேடம் டாக்டரம்மா பக்கம் திரும்பினார்.

"ஒங்க புக்குங்க. ஆறு மாசம் போனா ஒங்களுக்குத்தான் போவுது. நீங்க சொல்லுங்க. எழுதலன்னாலும் நான் கையெழுத்துப் போடுறேன்."

கடைசி வார்த்தையை மேடம் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா மேசை மேல் இருந்த தாள் கட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஊர்ல இருக்குற பெரிய டாக்டருக்கெல்லாம் எழுதலன்னு பெருக்கல் போட்டேன் மேடம்" என்றார். "எழுதிடலாம்."

அந்த வயதில், அந்தப் படியில் உடைந்துபோய் உட்கார்ந்த மறுநாளே, அப்படிச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். நான் என் ஆயுசில் பார்த்த தைரியங்களில் அதை முதலில் வைப்பேன்.

வெளியே போகும்போது மேடம் என்னைக் கூப்பிட்டார். "இனிமே கவர யாருங்க ஒட்டுறது?"

என்னை வார்டுக்கு அனுப்பப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்கதான். ஒட்டாம வெச்சா இன்னா ஆவும்னு தெரிஞ்ச ஆளு இந்தக் கட்டடத்துலயே நீங்க ஒருத்தருதான்."

டீச்சரம்மா ஆறு நாளில் எட்டையும் முடித்தார். டாக்டரம்மா கூட்டலை மாற்றினார். விழுப்புரத்தில் பைண்டிங் கடைக்காரரிடம் நானே நின்று வாங்கி வந்தேன். பசை முழுசாகக் காயாத புத்தகத்தைக் கடைசி நாள் மூன்றேகால் மணிக்கு ஆபீசில் கொடுத்தோம். டாக்டரம்மா அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டு, "குடுத்துட்டம்பா" என்றார். எட்டு நெறிமுறைகளில் ஒருவர் தாளை ஒருவர் பார்த்துவிட்டார், பக்க எண்களைச் சரிபார்த்தபோது அது தெரியவந்தது, அவற்றை வேறொருவர் மறுபடி படித்தார் என்று புத்தகத்தில் ஒரு பத்தி இருந்தது. என்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மேடம்தான் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். என் வேலைக்கு ஏதும் வந்துவிடக் கூடாது என்று.

பரீட்சைக்கு ஆய்வைப் பற்றிக் கேள்வி கேட்க வெளியூரிலிருந்து ஒருவர் வருவார் அல்லவா, யார் வந்தார் தெரியுமா? சென்னைப் பெரியவர். நான் டீத் தட்டோடு உள்ளே போனபோது அவர் சரியாக அந்தப் பத்தியில் விரலை வைத்திருந்தார்.

"இத எழுத ஒனக்கு யாரும்மா சொன்னாங்க?"

"நானாத்தான் சார் எழுதுனேன்."

"எழுதலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே."

"ஆமா சார்."

அவர் தலையை ஆட்டினார். "பக்க எண்ணச் சரிபாத்தப்ப தெரிஞ்சுதுன்னு போட்டிருக்க. யாரு சரிபாத்தது?"

டாக்டரம்மா மேடத்தைப் பார்த்தார். மேடம் மேசையைப் பார்த்தார். என்னைக் காப்பாற்றத்தான் அந்த இரண்டு பேரும் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டை மேசை ஓரத்தில் வைத்தேன்.

"நாந்தாங்க ஐயா" என்றேன். "சரிபாத்ததும் நாந்தான். கவர ஒட்டாம வெச்சதும் நாந்தான்."

அந்த அறையில் வெளியாள் முன்னால் யாரும் என்னைக் கேட்காமலே நான் பேசியது அந்த ஒரு தடவைதான். பெரியவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"இது ஏம்மா புக்குல இல்ல? எழுதலன்னா இல்லன்னு எனக்கு இதே ரூம்லதான் சொல்லிக் குடுத்தாங்க."

மேடம் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பெரியவர் கையை நீட்டித் தட்டிலிருந்து டீயை எடுத்துக்கொண்டார். "போன தடவ குடிக்காம பூட்டேன்" என்றார். டாக்டரம்மா தேறிவிட்டார்.

பிறகு அந்த ஆய்வு ஓர் இதழில் கட்டுரையாக வந்தது. அனுப்புவதற்கு முன் மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் எதிரில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"ஒங்களப் பத்தி ஒரு வரி போடணுங்க. பேரு வேணாம், அட்டெண்டர்னு மட்டும். நீங்கதான் கண்டுபுடிச்சீங்கன்னு. போடலாமா?"

"கவர் விசயம் மேடம்?"

"அத வுட்டுடலாம். அது இல்லாமயே வரி சரியா வருது."

நான் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. "ரெண்டயும் போடுங்க மேடம்" என்றேன். "ஒண்ண மட்டும் போட்டா அதுவும் அந்த இல்லாத நாப்பத்தேழாம் பக்கம் மாரிதான்."

அவர் பேனாவை எடுத்து, இரண்டையும் எழுதினார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது அதிகம் இல்லை. ஒருவர் முகம் வாடுகிறது என்று கவரை ஒட்டாமல் வைக்காதீர்கள். டப்பாவை வாங்கிச் சாப்பிடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், கவரை மட்டும் ஒட்டிவிடுங்கள். தப்பு நடந்துவிட்டால் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு நேராகப் போங்கள். பேச வராவிட்டால் விரலால் காட்டுங்கள், போதும்.

நான் எழுதியதை அப்படியே நம்பவும் வேண்டாம். அந்த இதழ் பீரோவின் இரண்டாம் தட்டில், பெரியவரின் கடிதத்துக்குக் கீழே இருக்கிறது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. என்னைப் பற்றிய வரியைத் தொட்டுக் காட்டும்படி டாக்டரம்மாவிடம் சொல்லி, மேலிருந்து எண்ணி வைத்திருக்கிறேன். பக்கம் இருநூற்றுப் பதினெட்டு, வலது பத்தி, ஒன்பதாவது வரி. அந்தப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.